நாலாவது பிள்ளை

அக்காவுக்கு வலி எடுத்துவிட்டது. ஹேமநாதனுக்குச் சிரிப்பு வந்தது.

உலு திராமிலிருந்து ஜொகூர் பாருவுக்குப் போகும் சாலை. காலை நெரிசல், மழை வேறு. முன்னால் சிமெண்ட் லாரி, பக்கத்தில் தொழிற்சாலை பஸ். நடுவில் மாட்டிக்கொண்ட அவனுடைய மைவி கார் நகர மாட்டேன் என்றது. பின் இருக்கையில் ரூபினி ஒரு கையால் கதவுப் பிடியையும் மறு கையால் மாமியார் ராஜம்மாவின் தோளையும் பிடித்துக்கொண்டு கத்தினாள்.

"எதுக்குடா சிரிக்கற? பாவி! உயிர் போவுதுடா!"

"நல்லா வலிக்குதாக்கா?"

"அத்தை, இவன் மண்டையில ஒண்ணு போடுங்க!"

ராஜம்மா போடவில்லை. அவளும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். சிரிக்கும்போதே கண்ணிலிருந்து ஒழுகியது.

"வலிக்கட்டும்மா, நல்லா வலிக்கட்டும். கத்து."

வலியில் துடிக்கிற பெண்ணை வைத்துக்கொண்டு இரண்டு பேர் சிரிப்பது பார்க்கிறவர்களுக்கு விகாரமாகத்தான் தெரியும். பஸ்ஸிலிருந்து ஒருவன் கண்ணாடியைத் துடைத்துவிட்டு எட்டிப் பார்த்தான். அவனுக்கு என்ன தெரியும்? இதற்கு முந்திய பிள்ளைகளுக்காக இதே வண்டியில் ரூபினி மூன்று முறை ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறாள். மூன்று முறையும் அவளுக்கு வலிக்கவில்லை. மூன்று முறையும் பிள்ளை தங்கவில்லை.

*

ரூபினியின் கணவன் லோகேஸ்வரனுக்குச் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை. விடியுமுன் மோட்டார் சைக்கிளில் பாலம் கடந்தால் இருட்டிய பிறகுதான் திரும்புவான். அவசரத்துக்கு அவனை நம்ப முடியாது. அதனால் மூன்று முறையும் வண்டி ஓட்டியவன் ரூபினியின் தம்பி ஹேமநாதன். பக்கத்து இருக்கையில் அவன் மனைவி வாசுகி. நாத்தனார் உறவு என்று பேர்தான். ரூபினியும் வாசுகியும் ஒரே தட்டில் கை போட்டுச் சாப்பிடுகிறவர்கள்.

மூன்றும் ஐந்தாம் மாதம். வயிறு லேசாகத் தெரிய ஆரம்பித்து, பழைய சட்டைகளை ரூபினி எடுத்து வைக்கும் சமயம். "இடுப்பு கொஞ்சம் கனமா இருக்கு" என்பாள். அவ்வளவுதான். எதற்கும் பார்த்துவிடலாம் என்று கிளம்புவார்கள். மூன்றாவது முறை பத்து பகாட் ஊருக்குப் போகிற வழியில் வண்டியை நிறுத்தி வாசுகி கறிபாப் வாங்கினாள். உருளைக்கிழங்கு சரியாக வேகவில்லை என்று ரூபினி குறை சொல்லிக்கொண்டே சாப்பிட்டாள். வாசுகி சொன்ன எதற்கோ வயிறு குலுங்கச் சிரித்தாள். போய்ப் படுத்ததும் டாக்டரின் முகம் மாறியது. பனிக்குடம் ஏற்கெனவே கீழே இறங்கிவிட்டிருந்தது. மாலைக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

காரணம் சொல்ல ஆள் பஞ்சமில்லை. அன்னாசி என்றார் ஒரு பெரியம்மா. டுரியான் பழத்துச் சூடு என்றார் இன்னொருவர். மாடி வீடு, கிரகணத்தன்று துணி தைத்தது, தொழிற்சாலையில் நின்றுகொண்டே வேலை பார்த்தது, யாரோ கண் வைத்தது. கிள்ளானிலிருந்து போன் போட்டு ஒரு மாமா வீட்டு வாசல் தவறான திசையில் இருப்பதாகச் சொன்னார். அவர் அந்த வீட்டைப் பார்த்ததே இல்லை.

"இத்தனை பேரு காரணம் சொல்றாங்க," என்றாள் வாசுகி. "பாவம்னு ஒருத்தராவது சொன்னாங்களா?"

ராஜம்மா கண்டுபிடித்த காரணம் வேறு. இடம் ராசியில்லை. முதல் பிள்ளை ஜொகூர் பாருவில் போனது. அந்த ஆஸ்பத்திரி வாசலையே இனி மிதிக்கக்கூடாது. யோங் பெங்கில் தன் வீட்டிலேயே மருமகளை வைத்துக்கொண்டு, இரண்டாவதுக்குக் குளுவாங் போனாள். அங்கே ரூபினி டாக்டரிடம் முதல் பிள்ளை போனதைச் சொன்னாள். ஒருமுறை அப்படி ஆவது சகஜம் என்றார் அவர். அதுவும் போனது. போனதை வாய்விட்டுச் சொன்னதால்தான் இதுவும் போனது என்று ராஜம்மா முடிவு கட்டினாள். மூன்றாவதுக்குப் பத்து பகாட். அங்கே 'முதல் பிள்ளை' என்றே சொன்னார்கள். முதல் பிள்ளை சிலருக்கு இப்படி ஆகும், வயசு இருக்கிறது என்று அந்த டாக்டர் ஆறுதல் சொல்லி அனுப்பினார்.

இப்படி மூன்று டாக்டர்கள். ஆளுக்கு ஒரு துண்டைத்தான் பார்த்தார்கள். முழுத் துணியை யாருக்கும் விரித்துக் காட்டவில்லை.

ராஜம்மா கெட்டவள் இல்லை. ஒவ்வொரு முறையும் மருமகளின் தலைக்கு மடி கொடுத்தவள் அவள்தான். பயம்தான் அவளுக்கு. மூன்றாவதும் போன பிறகு, வீட்டுக்குள் பேசியதுதான் காதில் விழுந்துவிட்டது என்றாள். யார் காதில் என்று சொல்லவில்லை. யோங் பெங் செம்பனைத் தோட்டத்து ஓரத்தில் இருக்கிற முனீஸ்வரன் கோயிலில் குடும்பமே நேர்த்தி வைத்தது. மடியில் பிள்ளை தவழும்வரை போனதுகளைப் பற்றி யாரும் வாய் திறக்கக்கூடாது. ரூபினியின் மணிக்கட்டில் மஞ்சள் கயிறு ஏறியது.

அதற்குப் பிறகு வாசுகி போனாள். யோங் பெங் டோல் சாவடிக்கு முன்னால், மழையில், ஒரு லாரி. அதற்குமேல் அதில் சொல்ல ஒன்றுமில்லை.

பேசாமல் இருந்து பழகிய குடும்பம். வாசுகியையும் அதே கணக்கில் சேர்த்துக்கொண்டது. ஹேமநாதன் உள்ளே வந்தால் பேச்சு நிற்கும். படத்தை ஒரு சித்தி எடுத்து அலமாரிக்குள் வைத்தாள். எல்லாம் அவன் நல்லதுக்கு. அவனுக்கும் அது வசதியாக இருந்தது. ஸ்கூடாயில் ஒரு தனியார் கல்லூரியில் பாடம் எடுத்தான். வீட்டுக்கு வந்தான். மேகி சமைத்தான். படுத்தான். யாராவது எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் ஓகே என்றான்.

ரூபினி நாலாவது முறை உண்டாகியிருப்பதாகச் சொன்னபோதும் ஓகே என்றான்.

*

ஜொகூர் பாருவிலேயே வேறொரு ஆஸ்பத்திரி, புது டாக்டர். ராஜம்மா யோங் பெங்கிலிருந்து வந்து உலு திராமில் மகன் வீட்டிலேயே தங்கிவிட்டாள். டாக்டர் ஆங்கிலத்தில் பேசினால் யார் புரிந்துகொள்வது என்று ஹேமநாதனையும் உள்ளே கூட்டிக்கொண்டாள். பையைப் பிடித்துக்கொண்டு அவன் சுவரோரம் நின்றான்.

டாக்டர் சமீராவுக்கு ரூபினியைவிட ஒன்றிரண்டு வயது கூட இருக்கலாம். தலையில் முக்காடு, காலில் ஓட்டக்காரர்கள் போடும் சப்பாத்து.

"உட்காருங்கம்மா. தமிழ்லயே பேசலாம். எங்க அத்தா நாகூர்க்காரரு."

ஹேமநாதனுக்கு வேலை போயிற்று. ஆனால் யாரும் அவனை வெளியே போகச் சொல்லவில்லை.

"மொதோ பிள்ளையா?"

"மொதோ பிள்ளைதான்," ராஜம்மா முந்திக்கொண்டாள்.

டாக்டர் ரூபினியைப் பார்த்தார். ரூபினி மஞ்சள் கயிற்றைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"ஆமா டாக்டர். மொதோ."

ஹேமநாதன் அக்காவின் முகத்தைப் பார்த்தான். எங்கேயோ பார்த்த முகம். காலையில் பல் தேய்க்கும்போது கண்ணாடியில் தெரிகிற அதே முகம். ஓகே என்று சொல்கிற முகம்.

"நாலாவது," என்றான்.

சொல்ல வேண்டும் என்று அவன் வரவில்லை. வாய் சொல்லிவிட்டது.

"தம்பி!" ராஜம்மா எழுந்துவிட்டாள்.

"நாலாவது டாக்டர். மூணு போயிடுச்சு. மூணும் அஞ்சாம் மாசம். மூணு ஆஸ்பத்திரி. நான்தான் வண்டி ஓட்டினேன்."

"அலமாக்! வாய மூடு! இவனுக்குத் தலை சரியில்ல டாக்டர், பொண்டாட்டி போனதுலருந்து…"

டாக்டர் கையை லேசாக உயர்த்தினார். ராஜம்மா நிறுத்தினாள்.

"வலி எப்படி இருந்துச்சு? மூணு தடவையும்?"

"வலியே இல்ல. கடைசி தடவ கறிபாப் சாப்பிட்டுக்கிட்டே வந்தா. ரெண்டு."

"மூணு," என்றாள் ரூபினி.

எல்லோரும் திரும்பினார்கள்.

"மூணு சாப்பிட்டேன்டா. ஒண்ணு வாசுகியோடது. எனக்குப் பத்தலன்னு அவளோடத குடுத்துட்டா." கயிற்றைத் திருகுவதை நிறுத்தினாள். "ஆமா டாக்டர். நாலாவது. இது நாலாவது."

வாசுகி என்ற பெயரை இன்னொருவர் வாயிலிருந்து ஹேமநாதன் கேட்டு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. அந்தப் பெயர் அவனை ஒன்றும் செய்யவில்லை. கையிலிருந்த பை மட்டும் கீழே விழுந்துவிட்டது.

டாக்டர் சமீரா நாற்காலியை இழுத்து ரூபினிக்கு நேரே உட்கார்ந்தார். மூன்றையும் ஒவ்வொன்றாகக் கேட்டார். காய்ச்சல் இருந்ததா, தண்ணீர் முதலில் போனதா, பிள்ளைக்கு உயிர் இருந்ததா, பிறகு வயிறு கழுவினார்களா. ரூபினி சொன்னாள். அவள் மறந்ததை ஹேமநாதன் சொன்னான். ராஜம்மா இரண்டு காதையும் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அஞ்சாம் மாசத்துல போறதுக்குக் காரணம் ஒண்ணு மட்டும் இல்ல," என்றார் டாக்டர். "கர்ப்பப்பை நடுவுல பிறவியிலேயே ஒரு சுவர் இருக்கலாம். ரத்தம் சட்டுனு உறையற உடம்பா இருக்கலாம். கிருமியா இருக்கலாம், சர்க்கரை, தைராய்டு. சில சமயம் பிள்ளையோட மரபணுவிலேயே கோளாறு. எல்லாத்தையும் பார்ப்போம். ஆனா வலியே காட்டாம, திரும்பத் திரும்ப, அதே மாசத்துலன்னா எனக்கு மொதல்ல தோணறது பையோட வாய். பிரசவம் வரைக்கும் அது இறுக்கி மூடியிருக்கணும். சிலருக்கு உள்ள பாரம் ஏறினதும் சத்தமில்லாம திறந்துக்கும்."

ராஜம்மா காதிலிருந்து ஒரு கையை எடுத்தாள். "அன்னாசி?"

"அன்னாசிக்கு அவ்வளவு சக்தி இல்லம்மா."

"மாடிப்படி?"

"இல்ல."

"நின்னுகிட்டே வேலை செஞ்சேன் டாக்டர்," என்றாள் ரூபினி. "ஓவர்டைம் கூட."

"அதுவும் இல்ல."

ராஜம்மாவின் அடுத்த கையும் இறங்கியது. "மூணாவது தடவ நான் அவள ஒரு சாவு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனேன். ஒரு நிமிஷம்தான் நின்னா. அதுவா?"

இத்தனை நாளாக அவள் இதை யாரிடமும் கேட்டதில்லை.

"இல்லம்மா," என்றார் டாக்டர். "நீங்களும் இல்ல."

படுக்க வைத்துப் பார்த்தார்கள். டாக்டர் திரையில் எதையோ அளந்தார். பையின் வாய்ப்பகுதி நீளத்தில் இப்போதே பாதியாகிவிட்டது, திறக்கப் பார்க்கிறது என்றார். நாளைக் காலை ஒரு சின்ன அறுவை சிகிச்சை. வாயைச் சுற்றி நாடா போட்டு இறுக்கி முடிச்சுப் போட்டுவிடுவார். மாதம் நிறைந்ததும் அவிழ்த்துவிடுவார்.

"நிக்குமா?" என்றான் ஹேமநாதன்.

"பெரும்பாலும் நிக்கும். சத்தியம் பண்ண மாட்டேன்." கையுறையைக் கழற்றினார். "மொதோ பிள்ளைன்னு நம்பியிருந்தா இன்னிக்கு இத நான் பார்த்திருக்கவே மாட்டேன். அடுத்த மாசம் வாங்கன்னு அனுப்பியிருப்பேன்."

அடுத்த மாதம் ஐந்தாம் மாதம்.

வெளியே நடைபாதையில் ராஜம்மா அவன் சட்டையைப் பிடித்தாள். டாக்டர் முன்னால் அடங்கியிருந்த பயம் திரும்ப வந்துவிட்டது.

"நேர்த்திய உடைச்சுட்ட. இது மட்டும் போச்சு, உன் வாயாலதான் போச்சு. ஆயுசுக்கும் நான் உன் மூஞ்சியில முழிக்க மாட்டேன்."

"சரி அத்தை," என்றான்.

வண்டியை எடுக்கும்போதுதான் அவனுக்கு உறைத்தது. பயம். நீண்ட நாளைக்குப் பிறகு அவனுக்குப் பயமாக இருந்தது.

*

மறுநாள் அறுவை அறை வாசலில் ஒரு ரகளை. நகை, கயிறு எல்லாவற்றையும் கழற்ற வேண்டும் என்றாள் நர்ஸ். மஞ்சள் கயிற்றைத் தொட்டால் நடப்பதே வேறு என்று ராஜம்மா தள்ளுவண்டிக்குக் குறுக்கே நின்றாள். டாக்டர் சமீரா பச்சைத் தொப்பியுடன் வெளியே வந்தார். கயிற்றைப் பார்த்தார். அதன்மேல் பிளாஸ்திரி ஒட்டச் சொன்னார்.

"இது நீங்க கட்டினதும்மா. உள்ள இருக்கப்போறது நான் கட்டறது. ரெண்டும் இருக்கட்டும்."

"உங்க கயிறு கெட்டியா?" என்றாள் ராஜம்மா.

"உங்களோடத விட கெட்டி."

ராஜம்மா வழிவிட்டாள். ஆனால் ஹேமநாதனோடு பேச்சில்லை. கல்லூரி முடிந்து தினமும் அவன் உலு திராம் போனான். பழம், ரொட்டி, மாத்திரை ஏதாவது வாங்கிப்போவான். ராஜம்மா எல்லோருக்கும் தேத்தண்ணீர் ஊற்றுவாள். அவனுக்கு மட்டும் குவளை வராது. ரூபினி தன் குவளையை அவன் பக்கம் நகர்த்துவாள். வாரக்கடைசிகளில் லோகேஸ்வரன் சமாதானம் பேசிப் பார்த்தான்.

"எங்கம்மா சிங்கப்பூர் இமிகிரேஷன் மாதிரி மச்சான். மொறச்சுப் பார்ப்பாங்க. கடைசியில விட்டுருவாங்க."

பரிசோதனை முடிவுகள் வந்தன. ரத்தம் சுத்தம். சர்க்கரை இல்லை. சுவர் எதுவும் இல்லை. மிச்சமிருந்தது டாக்டர் சொன்ன அந்த ஒரே காரணம்தான். படுத்தே கிடக்க வேண்டாம், பாரம் மட்டும் தூக்காதே என்றார்கள். ராஜம்மா மருமகளை ஒரு வாளியைக்கூடத் தொடவிடவில்லை.

ஐந்தாம் மாதம் வந்தது. ஒரு புதன்கிழமை, வகுப்பு நடந்துகொண்டிருந்தபோது போன் அடித்தது.

"தம்பி," என்றாள் ரூபினி. "இடுப்பு கனமா இருக்கு."

மாணவர்களிடம் என்ன சொன்னான் என்று அவனுக்கு நினைவில்லை. உலு திராம் போய் இருவரையும் ஏற்றிக்கொண்டான். சாலையோரத்தில் கறிபாப் கடை ஒன்று வந்தது. மூவரும் அதைப் பார்க்காமல் நேராகப் பார்த்தார்கள். அது பின்னால் போன பிறகு ராஜம்மா கண்ணை மூடி உதடு அசைத்தாள். கண்ணாடியில் அதைப் பார்த்தவன், அவள் சாமியைக் கும்பிடுகிறாளா தன்னைச் சபிக்கிறாளா என்று யோசித்தான். இரண்டும் இருக்கலாம்.

டாக்டர் சமீரா திரையை உற்றுப் பார்த்தார். பிறகு அவர் நாற்காலியில் சாய்ந்தார்.

"வந்திருக்கு," என்றார்.

ரூபினி கண்ணை மூடிக்கொண்டாள்.

"இல்ல, கண்ணத் திறந்து பாருங்க. பனிக்குடம் வழுக்கிக்கிட்டு இறங்கி வந்திருக்கு. இதோ. போன மூணு தடவையும் இப்படித்தான் வந்திருக்கும், அப்படியே வெளிய போயிருக்கும். இப்ப இது வரைக்கும் வந்து, முட்டிக்கிட்டு நிக்குது. தாண்ட முடியல."

"எது வரைக்கும்?" ராஜம்மா எழுந்து திரைக்கு அருகில் வந்துவிட்டாள். "அந்த முடிச்சு எங்க? எனக்குக் காட்டுங்க."

டாக்டர் விரல் வைத்துக் காட்டினார். சாம்பல் நிறத்துக்கு நடுவே இரண்டு வெள்ளைப் புள்ளிகள். அரிசிமணி அளவுதான். அதற்கு மேல் கறுப்பாகப் பனிக்குடம். அதற்கும் மேல் ஒரு கால், டாக்டர் சொல்லிவைத்ததுபோல, உதைத்தது.

ராஜம்மா திரையைப் பார்த்துக் கைகூப்பினாள். கூப்பிய கையை எடுக்கவே இல்லை. நர்ஸ் சிரித்துக்கொண்டே அவளை நகர்த்தி நிறுத்த வேண்டியிருந்தது.

சில நாள் அங்கேயே தங்கச் சொன்னார்கள். மருந்து கொடுத்தார்கள். அன்று சாயங்காலம் ஹேமநாதன் நடைபாதை நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். யாரோ அவன் முன்னால் ஒரு காகிதக் குவளையை நீட்டினார்கள். ராஜம்மா.

"குடி," என்றாள். "சீனி கம்மிதான்."

அவன் குடித்தான். சீனி அதிகம். அவன் வாழ்க்கையில் குடித்ததிலேயே மோசமான தேத்தண்ணீர். ஒரு சொட்டு மிச்சம் வைக்கவில்லை.

*

ஐந்து போய் ஆறு வந்தது. ஆறு போய் ஏழு. ரூபினியின் ஏழாம் மாதத்தை இதுவரை யாரும் பார்த்ததில்லை. ராஜம்மா வளைகாப்புக்கு யோங் பெங்கிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்களைக் கூட்டிவந்தாள். கிள்ளான் மாமாவும் வந்தார். வந்ததும் வாசல் எந்தத் திசை என்று பார்த்தார். யாரும் அவரைச் சட்டைசெய்யவில்லை.

ஹேமநாதன் வெளியே காருக்குப் பக்கத்தில் நின்றான். உள்ளே வளையல் சத்தம், சிரிப்பு, சந்தன வாசனை. ராஜம்மா பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வெளியே வந்தாள்.

"என்ன தம்பி, காருக்குக் காவலா?"

"நல்ல காரியம் அத்தை. நான் எதுக்கு நடுவுல…"

"அட போ லா. பெரிய ஆளு இவரு." பக்கத்தில் வந்தாள். குரல் இறங்கியது. "வாசுகி இருந்திருந்தா உன்ன காதப் புடிச்சு இழுத்துட்டுப் போயிருப்பா. அவ வர முடியல. அதான் நான் வந்தேன்."

சொன்னபடியே அவன் காதைப் பிடித்தாள். வலிக்கும்படிதான் பிடித்தாள்.

அவன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டான். மறுபடியும் கழற்ற வேண்டியிருந்தது. உள்ளே ரூபினி இரண்டு கையிலும் முழங்கை வரை வளையல் போட்டுக்கொண்டு ராணிபோல உட்கார்ந்திருந்தாள். கன்னத்தில் சந்தனம். அவனைப் பார்த்ததும் கையைத் தூக்கி ஆட்டினாள். அத்தனை வளையலும் ஒரே சமயத்தில் குலுங்கின.

*

போன வாரம் டாக்டர் முடிச்சை அவிழ்த்துவிட்டார். இனி எப்போது வேண்டுமானாலும் வரட்டும் என்றார். இன்று காலை வந்துவிட்டது. மழையோடு, நெரிசலோடு, வலியோடு.

"அவருக்குப் போன் போட்டியா?" பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள் ரூபினி.

"போட்டேன். பாலத்துல நிக்கறாராம். அந்தப் பக்கம் போய் இறங்கித் திரும்பி வரணும்."

"வரட்டும். வந்ததும் முதல்ல அவரக் கொல்லணும். அப்புறம் உன்ன… அம்மாஆஆ!"

"அப்படித்தான்," என்றாள் ராஜம்மா. "பஸ்ஸுல இருக்கறவனுக்கும் கேக்கட்டும்."

சிமெண்ட் லாரி ஒருவழியாக நகர்ந்தது. ஹேமநாதன் ஹாரனை அழுத்தினான். அவன் ஹாரன் அடிக்கிற ஆளே இல்லை. ஆஸ்பத்திரி வாசல்வரை விடாமல் அடித்துக்கொண்டே போனான்.

மதியத்துக்கு முன்பே பிறந்துவிட்டது. பெண். மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. தலை நிறைய முடி. லோகேஸ்வரன் மழைக்கோட்டோடும் ஹெல்மெட்டோடும் வார்டுக்குள் ஓடிவந்தான். சொட்டச் சொட்ட நின்றவனை நர்ஸ் தடுத்து, ஹெல்மெட்டையாவது கழற்றுங்கள் என்றாள். கழற்றியபோது முகம் முழுக்க ஈரம். மழை என்று அவன் சாதித்தான்.

டாக்டர் சமீரா எட்டிப் பார்த்தார். ரூபினியின் மணிக்கட்டில் அந்த மஞ்சள் கயிறு இன்னும் இருந்தது. வெளுத்து, நூல் பிரிந்து, ஆனால் இருந்தது.

"உங்க கயிறும் கெட்டிதாம்மா," என்றார் ராஜம்மாவிடம்.

"உங்களோடத விட கம்மிதான்," என்றாள் ராஜம்மா.

பக்கத்துக் கட்டிலில் ஒரு பெண்ணுக்குத் துணையாக அவள் தாயார் இருந்தார். மாசாய் பக்கத்து ஆள். பேச்சுத் துணைக்கு ஆள் கிடைத்த சந்தோஷத்தில் இந்தப் பக்கம் திரும்பினார்.

"மொதோ பேத்தியாங்க?"

ரூபினி மாமியாரைப் பார்த்தாள். லோகேஸ்வரன் தரையைப் பார்த்தான்.

ராஜம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். நேர்த்திப்படி, மடியில் பிள்ளை வந்தாகிவிட்டது. ஆனால் அவள் அதற்காகச் சொன்னதாகத் தெரியவில்லை.

"இல்லம்மா," என்றாள். வார்டின் மறுகோடி வரை கேட்கும் குரல். "நாலாவது."

"அப்படியா? மத்த மூணும் வீட்டுலயா?"

"அதுங்க அஞ்சஞ்சு மாசம் இருந்துட்டுப் போயிடுச்சுங்க. ஒண்ணு குளுவாங்குல, ஒண்ணு பத்து பகாட்டுல, மொதோது இங்கதான், இதே ஊருல. காரணம் தெரியாம போச்சு. இதுக்குத் தெரிஞ்சுது. இது நின்னுடுச்சு."

அந்த அம்மாள் எழுந்து வந்து ராஜம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "பாவம்மா," என்றார். ஒருத்தராவது சொன்னார்களா என்று வாசுகி அன்று கேட்ட வார்த்தை. பிறகு பிள்ளையைப் பார்த்தார். அதைத் தூக்கி வைத்திருந்தவன் ஹேமநாதன். தலையை எப்படித் தாங்குவது என்று தெரியாமல் இரண்டு கையையும் விறைப்பாக வைத்துக்கொண்டு நின்றான்.

"தாய்மாமனா? கல்யாணம் ஆச்சா தம்பி?"

ஒரு வருஷம் முன்பு இந்தக் கேள்விக்கு யாராவது அவசரமாகப் பேச்சை மாற்றியிருப்பார்கள். இப்போது அவன் சொல்லட்டும் என்று இருந்தார்கள்.

"ஆச்சு," என்றான். "அவ பேரு வாசுகி. போன வருஷம் தவறிட்டா. அக்கா மூணு தடவ ஆஸ்பத்திரிக்குப் போனப்பவும் அவதான் கூட இருந்தா. இன்னிக்கு இருந்திருந்தா இந்தப் பிள்ளைய எங்க யார் கையிலயும் குடுத்திருக்க மாட்டா."

"குடுத்திருக்கவே மாட்டா," என்றாள் ரூபினி.

பிள்ளைக்கு அவன் பிடித்திருந்த விதம் பிடிக்கவில்லை. முகம் சிவந்து, கையை முறுக்கி, வாயைத் திறந்து கத்தியது. அவ்வளவு சின்ன உடம்பிலிருந்து அவ்வளவு பெரிய சத்தம் வரும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. எதிர்க் கட்டிலில் தூங்கியவள் விழித்துக்கொண்டாள். நர்ஸ் கதவைத் திறந்து பார்த்தாள்.

கத்தட்டும் என்று விட்டுவிட்டார்கள்.